கேட்கிறவர் நாற்காலியில்

மணி மூன்றேகால். அஞ்சு மணிக்குள் பட்டியலைப் பூட்டியாக வேண்டும் என்று காலையிலிருந்து வீட்டில் ஆளுக்கொரு தடவை சொல்லியாகிவிட்டது, சுவர்ப் பல்லி ஒன்றுதான் பாக்கி. இந்த பிரவுசிங் சென்டர் நாற்காலியின் நான்கு கால்களில் ஒன்று மற்ற மூன்றோடு பேச்சுவார்த்தை இல்லாதது, அதனால் இடது பக்கமாகச் சாய்ந்து, இடுப்பு வலியை வலது பக்கம் ஒதுக்கிவிட்டு, ஒரு மாதிரி உட்கார்ந்திருக்கிறேன். மேலே மின்விசிறி சுற்றுகிறது, காற்று வேறெங்கோ போகிறது. லேமினேஷன் மிஷினிலிருந்து சூடான பிளாஸ்டிக் வாசனை, யாரோ மடியில் வைத்திருக்கிற முட்டை பப்ஸ் வாசனை, வாசலில் நாமக்கல் வெயில், வெயிலுக்கும் வாசனை உண்டு, எழுபத்தொரு வயசில் அதெல்லாம் தெரிகிறது, தெரிந்து என்ன. எங்களுக்கு டோக்கன் முப்பத்தெட்டு, இப்போது நடப்பது முப்பத்து நாலு. முன் பெஞ்சில் என் மகள் வயிற்றுப் பேத்தி கனிஷ்கா, பக்கத்தில் அவளுடைய அப்பா, என் மாப்பிள்ளை லோகநாதன், அவர் மடியில் நாலாக மடித்த செய்தித்தாள், அதில் சிவப்பு மையில் ஒரு வட்டம். என்ஜினீயரிங் படிக்கப் போகிற பிள்ளைகள் எந்தக் கல்லூரி முதலில் வேண்டும், அது இல்லாவிட்டால் எது, அதுவும் இல்லாவிட்டால் எது என்று எண் போட்டு அடுக்கிக் கொடுக்க வேண்டும். மேலே இருப்பதில் இடம் கிடைத்துவிட்டால் கீழே இருப்பதை யாரும் திரும்பிப் பார்க்கப் போவதில்லை. மாப்பிள்ளை இருபது கல்லூரிகளைத் தரவரிசைப் பட்டியலை வைத்து மேலிருந்து கீழாக அடுக்கியிருக்கிறார். கனிஷ்காவின் மதிப்பெண்ணுக்கு முதல் கல்லூரியே கிடைத்துவிடும், நேற்று ராத்திரி அதற்குப் பாயசம்கூட வைத்தாயிற்று. அந்த முதல் கல்லூரி நான் வேலை பார்த்த கல்லூரி. நாட்டிலேயே அறுபத்திரண்டாவது இடம் என்று செய்தித்தாளில் போட்டிருக்கிறது. அந்த அறுபத்திரண்டைச் சுற்றித்தான் சிவப்பு வட்டம்.

அறுபத்திரண்டு. அந்த அறுபத்திரண்டைப் பெற்றுப் பெயர் வைத்தவன் நான். இருபத்திரண்டு வருஷம் அங்கே ஆபீஸ் சூப்பரின்டெண்டென்ட், ஓ.எஸ். அர்த்தநாரி என்றால் வாட்ச்மேனிலிருந்து சேர்மன் வரைக்கும் ஒரு சிரிப்போடுதான் கூப்பிடுவார்கள், சிரிப்பு எதற்கென்றால் என் வாய்க்கு. தரவரிசை என்றால் பெரிய பெரிய ஆட்கள் தராசு பிடித்து நிறுத்துச் சொல்கிறார்கள் என்று மாப்பிள்ளை நினைத்துக்கொண்டிருக்கிறார். அது ஒரு படிவம். நூற்றுப் பன்னிரண்டு பக்கம். கல்லூரியே நிரப்பி அனுப்ப வேண்டும், நிரப்பியதை ஒரு குழு வந்து ஒரு நாள் பார்த்துவிட்டுப் போகும், அவ்வளவுதான். படிவத்தைப் புதுசாக வந்த எம்.பி.ஏ. பையன்கள் கையில் கொடுத்தால் உள்ளதை எழுதிவிடுவார்கள் என்று சேர்மன் என் மேஜையில் கொண்டுவந்து வைத்தார். நூலகத்தில் எண்பதாயிரம் புத்தகம் என்று எழுதினேன். இருந்தது அதில் பாதிக்கும் கீழே. குழு வந்த அன்றைக்குக் காலையில் கீழ்த்தளத்து நூலகத்தைக் காட்டினோம், மத்தியானம் சாப்பாடு, சாப்பாட்டுக்குப் பிறகு மூன்றாவது மாடியில் மேற்படிப்பு நூலகம். அதாவது அவர்கள் சாப்பிட்டு முடிப்பதற்குள் புத்தகங்கள் படியேற வேண்டும். லிஃப்டில் பாதி, தோளில் பாதி. அதற்கு எனக்கு ஒன்றே கால் மணி நேரம் வேண்டியிருந்தது, குழுவோ ஐந்து பேரும் சர்க்கரை வியாதிக்காரர்கள், கால் மணியில் கை கழுவுகிற ஆட்கள். அங்கேதான் நான் லாரியை எடுத்துவிட்டேன். எங்கள் ஊர் லாரி ஒன்று, எண்பத்தேழாம் வருஷம், டிரைவர் டீ குடிக்க இறங்கினதைக் கவனிக்காமல் தானாகக் கிளம்பி நாக்பூர் வரைக்கும் போய் லோடை இறக்கிவிட்டுத் திரும்பி வந்த கதை, ரோடு அதற்கு அவ்வளவு பழக்கம். செக்போஸ்டில் நிறுத்தலியா என்று அவர்களில் ஒருவர் கேட்டார். தெரிஞ்ச வண்டி, கையைக் காட்டி விட்டுட்டாங்க என்றேன். அவருக்குப் புரையேறிவிட்டது, தண்ணீர் கொடுத்து, தலையைத் தட்டி, அதில் ஒரு பத்து நிமிஷம். மாடிக்குப் போனபோது குழுத்தலைவர் ஒரு தடிமன் புத்தகத்தை உருவித் திறந்தார். உள்ளே அவருடைய விசிட்டிங் கார்டு. காலையில் கீழே பார்த்தபோது பக்க அடையாளத்துக்கு அவரே வைத்தது. என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். கார்டை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு சாப்பாடு நன்றாக இருந்தது என்றார். அந்த வருஷம்தான் அறுபத்திரண்டு, இன்றைக்கும் அதே படிவத்தில் தேதியை மட்டும் மாற்றி அனுப்பி அந்த இடத்தைப் பிடித்துவைத்திருக்கிறார்கள். எல்லாரும் கைதட்டினார்கள், நானும் தட்டினேன், கை வலித்தது ஞாபகம் இருக்கிறது. இதையெல்லாம் நினைத்தால் சிரிப்பு வர வேண்டும், எப்போதும் வரும், இன்றைக்கு வரவில்லை, கொட்டாவிதான் வருகிறது. முப்பத்தைந்து, என்று உள்ளேயிருந்து குரல். ஒரு அம்மாவும் மகனும் எழுந்து போனார்கள். இன்னும் மூன்று பேர்.

புத்தகம் கூடப் பரவாயில்லை. எந்தக் கல்லூரியில்தான் பிள்ளைகள் எண்பதாயிரம் புத்தகம் படிக்கிறார்கள். ஆசிரியர் கணக்கு, வேலை கிடைத்தவர்கள் கணக்கு, எல்லாம் ஊருக்கே தெரிந்த பொய், எல்லாக் கல்லூரியும் சொல்கிற பொய், அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை என்று என்னையே நான் பல தடவை தட்டிக்கொடுத்திருக்கிறேன். தூக்கத்தைக் கெடுப்பது தொண்ணூற்றேழாம் பக்கம். அதில் ஒரு பெரிய கட்டம். உங்கள் கல்லூரியில் மட்டுமே உள்ள சிறந்த வழக்கம் எது, ஐந்நூறு சொல்லில் எழுதுக. எங்கள் கல்லூரியில் மட்டுமே உள்ள வழக்கம் ஆண்பிள்ளைக்கு ஒரு படிக்கட்டு பெண்பிள்ளைக்கு ஒரு படிக்கட்டு, அதை எழுத முடியாது. சனிக்கிழமை மத்தியானம், ஆபீஸில் யாருமில்லை, ஜன்னலுக்கு வெளியே வேப்பமரம், அதனடியில் கல்லூரி பஸ்கள் வரிசையாக நிற்கின்றன, டிரைவர்கள் துண்டை விரித்துத் தூங்குகிறார்கள். நான் பேனாவை எடுத்தேன். தினமும் மாலை நாலரை மணிக்கு அந்த மரத்தடியில் ஒரே ஒரு நாற்காலி போடப்படும் என்று எழுதினேன். சந்தேகம் உள்ள மாணவர் அதில் உட்காருவார். பதில் சொல்லும் பேராசிரியர் எதிரே தரையில் உட்காருவார். கேட்கிறவர் நாற்காலியில், பதில் சொல்கிறவர் தரையில். பாடத்துக்குள்ளே இருக்கிற கேள்வியா வெளியே இருக்கிற கேள்வியா என்று யாரும் கேட்பதில்லை. பதில் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லிவிட்டுப் பேராசிரியர் மறுநாள் படித்துக்கொண்டு வருவார். இதற்கு வேம்படி மணி என்று பெயர். பத்தொன்பது வருஷமாக ஒரு நாள்கூடத் தவறியதில்லை, மழை நாட்களில் குடையுடன் நடைபெறுகிறது. அந்தக் குடைதான். மற்றதையெல்லாம் யார் வேண்டுமானாலும் எழுதலாம், குடையை நினைக்கிறவனுக்குத்தான் கதை நிற்கும். என் வாயால் சொன்ன எதையும் இந்த ஊரில் ஒருத்தர் நம்பினதில்லை, சிரிப்பார்கள், தோளில் தட்டுவார்கள், போய்விடுவார்கள். கையால் எழுதின இதை நம்பினார்கள். குழுவில் இருந்த அம்மா ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அன்றைக்கு அவசரமாக ஒரு படம் எடுத்தோம், ஒரு பெண்பிள்ளை நாற்காலியில், பிரின்சிபால் தரையில், படம் எடுத்து முடிந்ததும் பிரின்சிபாலுக்கு முட்டி மடங்கினது மடங்கினபடியே நின்றுவிட்டது, நாலு டிரைவர்களை எழுப்பித்தான் அவரைத் தூக்கினோம். அந்தப் படம் இன்றைக்கும் கல்லூரி வெப்சைட்டில் முதல் பக்கத்தில் இருக்கிறது. கீழே நான் எழுதின ஐந்நூறு சொல்லும், ஒரு கமா விடாமல்.

அதைத்தான் மே மாதம் கனிஷ்கா மாடிப்படியில் உட்கார்ந்து எனக்கு வாசித்துக் காட்டினாள். அவள் ரெண்டு வருஷம் ஹாஸ்டல் பள்ளிக்கூடத்தில் இருந்துவிட்டு வந்த பிள்ளை. எங்கள் பக்கத்து ஹாஸ்டல் பள்ளிக்கூடம் எப்படியென்று மாநிலத்துக்கே தெரியும், இதில் ஒரு விசேஷம், வகுப்பில் வாய் திறந்து சந்தேகம் கேட்கக்கூடாது, கேட்டால் மற்ற பிள்ளைகளுக்கு நேரம் போய்விடுமாம். சுவரில் ஒரு தகரப் பெட்டி, பூட்டுப் போட்டது, சந்தேகத்தைச் சீட்டில் எழுதிப் போட வேண்டும். இவள் ரெண்டு வருஷத்தில் போட்டது இருநூறுக்கு மேலே, பதில் வந்தது பதினொன்று. மாப்பிள்ளையைக் கூப்பிட்டு அனுப்பினார்கள், உங்க பொண்ணு நல்லாப் படிக்குது, ஆனா கேள்வி கேக்குது என்று. அந்த ஆனாவை மாப்பிள்ளை வீட்டுக்குக் கொண்டுவந்து சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். அதற்குப் பிறகு அவள் லீவுக்கு வரும்போதெல்லாம் பேச்சு குறைந்து குறைந்து, கேட்டதற்கு மட்டும் பதில், முன்னெல்லாம் எறும்புக்கு முட்டி உண்டா அப்புச்சி என்று கேட்டு உயிரை எடுக்கிற பிள்ளை. அப்படிப்பட்டவள் அன்றைக்குப் போனை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாக வாசித்தாள். கேட்கிறவர் நாற்காலியில் என்று வாசிக்கும்போது குரல் ஒரு இடத்தில் தடுக்கியது. என் எழுத்தை இன்னொருத்தர் வாயால் கேட்பது அதுதான் முதல் தடவை, காது சூடாகிவிட்டது, நன்றாக இருக்கிறதே என்று தோன்றியது, அதைச் சொல்லாமல் என்ன. வாசித்துவிட்டு, இது நெஜமாலுமே நடக்குதுங்களா அப்புச்சி என்று கேட்டாள். இல்லை, என்று அங்கேயே சொல்லியிருக்கலாம். ஒரு சொல். படிவத்தில் எழுதினது வேலை, சம்பளத்துக்கு எழுதினது, சேர்மன் கையெழுத்துப் போட்டது. மாடிப்படியில் சொன்னதற்கு யாரும் சம்பளம் கொடுக்கவில்லை. மழை பெய்யறப்பக்கூட, என்றேன். அவள் முகம் எப்படி ஆனது என்று நான் சொல்லப்போவதில்லை, சொன்னால் கூட்டிச் சொல்லிவிடுவேன்.

முப்பத்தாறு. மின்விசிறி ஒரு தடவை நின்று, யோசித்து, மறுபடி சுற்றுகிறது. மாப்பிள்ளை பேத்தியிடம் ஏதோ காட்டுகிறார், அறுபத்திரண்டுக்கும் ரெண்டாவது கல்லூரியின் எண்பத்தொன்பதுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று விரலால் அளக்கிறார். அவரைத் தப்புச் சொல்ல முடியாது. கோழித் தீவன மில்லில் சூப்பர்வைசர், மூட்டையில் போட்டிருக்கிற எண்ணைப் பார்த்துத்தான் சரக்கு இறக்குவார், வாய்ப்பேச்சை நம்பி ஒரு ஐ.டி.ஐ.யில் சேர்ந்து அது மூன்றே மாசத்தில் மூடிப்போய் அதோடு படிப்பு நின்ற மனுஷன், அதனால் அவருக்கு வாய் ஆகாது, எண் ஆகும். என்னைக் கண்டாலும் ஆகாது, ஆனால் மாமனார் என்கிற மரியாதை. போன வாரத்தில் அஞ்சு தடவை நான் வாயைத் திறந்தேன். ஒரு தடவை சாப்பிடும்போது அந்தக் காலேஜ் இருக்குதே என்று தொடங்கினேன், மகள் பூங்கொடி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, ஆரம்பிச்சுட்டாரு, இன்னிக்கு லாரியா பஸ்ஸா என்று சிரித்தாள், எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்து, லாரியையே ஓட்டினேன். என்ன செய்ய. நாற்பது வருஷம் சேர்த்துவைத்த பெயர். நடந்ததை நடந்தபடி சொல்ல எனக்கு ஒரு குரலும் இல்லை, இருக்கிறது ஒரு குரல், அதைக் கேட்டதும் ஜனங்கள் சிரிக்கத் தயாராகிவிடுகிறார்கள். இல்லையென்றால் பேசாமல் இருந்துவிடலாம். நாலு வருஷம்தானே. எத்தனை பிள்ளைகள் அங்கே படித்து வேலைக்குப் போகிறார்கள், எல்லாரும் கேள்வி கேட்டா போனார்கள். அறுபத்திரண்டு என்கிற எண் கம்பெனிக்காரன் கண்ணுக்கு நன்றாகத்தானே இருக்கும். அப்படியே விட்டுவிடலாம் என்று முடிவு செய்கிறேன், செய்த உடனே அந்த முதல் நாள் வந்துவிடுகிறது, எத்தனை தடவை துரத்தினாலும் அதே முதல் நாள். நாலரை மணி. கனிஷ்கா புதுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போகிறாள். பஸ்கள் நிற்கின்றன. நாற்காலியைத் தேடுகிறாள். சீக்கிரம் வந்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு நிற்கிறாள். டிரைவர் ஒருத்தன் பஸ்ஸை ரிவர்ஸ் எடுக்க ஹாரன் அடிக்கிறான், நகர்ந்து நிற்கிறாள். செக்யூரிட்டி விசில் ஊதுகிறான், ஏம்மா ஊர் பஸ் ஏறலியா. நாலே முக்கால். அவள் யாரையும் கேட்க மாட்டாள், கேட்காமல் இருக்கத்தான் ரெண்டு வருஷம் பழக்கிவிட்டார்களே. மறுநாளும் வந்து நிற்பாள். ஒருவேளை மழை நாளில் குடையோடு. அங்கே வந்ததும் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றிவிட்டுக்கொள்கிறேன், பக்கத்திலிருந்தவர் தண்ணி வேணுங்களா பெரியவரே என்கிறார், வேண்டாமுங்க என்கிறேன். அதுவரைக்கும் நான் உயிரோடு இருப்பேனா என்பதல்ல பயம். இருப்பேன் என்பதுதான் பயம். சாயங்காலம் அவள் வீட்டுக்கு வருவாள், செருப்பைக் கழற்றுவாள், என்னைப் பார்ப்பாள்.

இருபது கல்லூரிகளில் ஏழாவது மட்டும் மாப்பிள்ளை போட்டதல்ல. காவேரிக்கு அந்தப் பக்கம் ஒரு பழைய கல்லூரி, தரவரிசையில் அதைத் தேடித் தேடி நூற்றெழுபதுக்கும் அப்பால் கண்டுபிடித்தார், இதை எதுக்குப் போடோணும் என்று கேட்டார், இருக்கட்டுங்கப்பா என்றாள், அதற்கு மேல் சொல்லவில்லை. சரி, நீ ஒண்ணு கேட்டதுக்கு ஆச்சு என்று ஏழில் செருகினார், அந்த வரிசையில் அது உட்கார்ந்திருப்பது கல்யாணப் பந்தியில் அழைக்காத ஆள் மாதிரி. நானும் ஒன்றும் கேட்கவில்லை. வேம்படி மணி கிடைக்கப்போகிற பிள்ளைக்கு ஏழாவதைப் பற்றி என்ன என்று இருந்துவிட்டேன் போல. முப்பத்தெட்டு, என்று கூப்பிட்டார்கள். முப்பத்தேழு வரவேயில்லையாம், போய்விட்டார்களாம். எழுந்தேன், கால் மரத்துப் போயிருந்தது, நாற்காலியும் என்னோடு சேர்ந்து ஒரு ஆட்டம் ஆடியது.

கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிற அம்மா பெயர் ஷகிலா பானு, சென்டரே அவருடையதுதான், காலையிலிருந்து முப்பது வீட்டுப் பிள்ளைகளின் தலையெழுத்தைத் தட்டச்சு செய்து களைத்த முகம், ஆனால் விரல் களைக்கவில்லை. மாப்பிள்ளை சொல்லச் சொல்ல இருபதும் ஏறின. ஒரு தடவை மேலிருந்து கீழ் வாசித்துக் காட்டினார். கனிஷ்கா ஏழாவது வரும்போது மட்டும் திரையை நிமிர்ந்து பார்த்தாள், பிறகு குனிந்துகொண்டாள். பூட்டிடலாங்களா என்றார் ஷகிலா பானு. பூட்டிடுங்க என்றார் மாப்பிள்ளை. போனுக்கு ஒரு எண் வந்திருக்கும், அதைச் சொல்லுங்க என்றதும் மாப்பிள்ளை தன் போனை எடுத்துப் பார்க்கிறார், வரவில்லை, அப்போதுதான் என் சட்டைப்பையில் கிர்ரென்றது. மே மாதம் பதிவு செய்கிறபோது மாப்பிள்ளை மில்லில் இருந்தார், நான்தான் துணைக்குப் போனேன், என் நம்பரைக் கொடுத்தது எங்கள் ஒருத்தருக்கும் ஞாபகம் இல்லை. எடுத்தேன். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினேன். நாலு, சைபர், ஏழு, ஒண்ணு, ஒம்பது, ரெண்டு. சொல்லுங்க பெரியவரே என்றார். நாலு, சைபர், ஏழு, ஒண்ணு, ஒம்பது என்று சொன்னேன், கடைசி எண்ணுக்கு வாய் தானாக மூணு என்றது. அவ்வளவு சின்னப் பொய்யை வாழ்க்கையில் நான் சொன்னதில்லை. தப்புன்னு வருதுங்க. இன்னொரு தடவை கேட்டார், இன்னொரு எண் வந்தது, அதிலும் நடுவில் ஒன்றை மாற்றிவிட்டேன். அடுத்த தடவை தப்பாப் போட்டா அரை மணி நேரம் நின்னுடுமுங்க, மணி நாலேகால் ஆச்சு, நிதானமாப் பாருங்க என்றார். மாப்பிள்ளை பெருமூச்சு விட்டு, கண்ணுக்கு ஆபரேஷன் பண்ணோணும்னா கேக்கறதில்ல என்று சுவரிடம் சொன்னார். கனிஷ்கா எழுந்து வந்து கையை நீட்டினாள். போனை மூடிக்கொண்டேன். அவள் என் கையைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள்.

"என்னங்க அப்புச்சி?"

"அந்த வேம்படி மணி நான் எழுதினது."

மாப்பிள்ளைதான் முதலில் பேசினார். மாமா, இப்ப வேண்டாமுங்க, வீட்டுல போயி சொல்லிக்கலாம் என்றார், அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலை இறக்கி, ரிட்டயர் ஆகறப்ப ஒரு மாலைகூடப் போடாம அனுப்பிட்டாங்கன்னு இன்னுமா மனசுல வெச்சிருக்கறீங்க, புள்ளை படிப்புல அதைக் காட்டாதீங்க என்றார். நியாயமான பேச்சுத்தான். நான் அவருக்குப் பதில் சொல்லவில்லை, சொன்னால் நீளும், நீண்டால் அது என் வழக்கமான குரலாகிவிடும். கனிஷ்கா நின்ற இடத்திலேயே நின்றாள்.

"மழை பெய்யறப்ப?"

"குடையும் நான் போட்டதுதான் கண்ணு."

"மரம்?"

"மரம் இருக்குது. அடியில பஸ் நிறுத்துவாங்க."

"அங்க கிளாஸ்ல கேள்வி கேட்டா என்ன பண்ணுவாங்க?"

"ஐடி கார்டை வாங்கி வெச்சுக்குவாங்க. சாயங்காலம் போய்க் கையெழுத்துப் போட்டு வாங்கோணும்."

ஷகிலா பானு விரல்களை மடியில் வைத்துக்கொண்டார். பின்னால் டோக்கன் முப்பத்தொன்பது இருமியது. மாப்பிள்ளை மடியிலிருந்த செய்தித்தாளை விரித்தார், சிவப்பு வட்டத்தைப் பார்த்தார், அது அங்கேதான் இருந்தது. அப்ப இந்த அறுபத்திரண்டு, என்றார். அதுவும் நான்தானுங்க மாப்பிள்ளை. அதற்கு மேல் ஒரு வார்த்தை சேர்க்க எனக்குத் தெம்பு இல்லை, புத்தகம், மாடி, விசிட்டிங் கார்டு எதையும் எடுக்கவில்லை, அதனால்தான் நம்பினாரோ என்னமோ, நான் ஒரு கதையை இவ்வளவு சுருக்கமாகச் சொல்லி அவர் கேட்டதே இல்லை. அப்ப நெஜத்துல எத்தனாவதா இருக்கும் என்று கேட்டார், குரலில் கோபம் இல்லை, மூட்டை எடை குறைந்தால் மில்லில் கேட்பாரே அந்தக் குரல். தெரியாதுங்க, அதை யாரும் எண்ணிப் பார்க்கலை என்றேன். அவர் செய்தித்தாளை மடிக்கத் தொடங்கினார், பழைய மடிப்பிலேயே மடிக்கப் பார்த்தார், அது ஒத்துவரவில்லை. கனிஷ்கா அழுவாள் என்று நினைத்தேன். அவள் அழவில்லை, முகம் வீட்டுப்பாடத்தில் தப்பு கண்டுபிடித்த மாதிரி இருந்தது, இன்னும் ஒரு பாகம் பாக்கி இருக்கிறது, அது ராத்திரி வரும், நாளைக்கு வரும், எனக்குத் தெரியும்.

"ஏழாவது காலேஜ் எப்படிங்க அப்புச்சி? அதையாச்சும் தெரியுமா உங்களுக்கு?"

வாயில் மூன்று வாக்கியம் வந்து நின்றது. ஆறு, ஆற்றங்கரையில் வகுப்பு, பரிசலில் வந்து பாடம் எடுக்கிற ஒரு வாத்தியார். பரிசலுக்குப் பெயர்கூட வந்துவிட்டது.

"தெரியாது கண்ணு. ஒண்ணும் தெரியாது."

அவள் காத்திருந்தாள். என்னைத் தெரிந்த எல்லாரும் அந்த இடத்தில் காத்திருப்பார்கள், தெரியாது என்பதற்குப் பிறகுதான் நான் வழக்கமாகத் தொடங்குவேன். நான் தொடங்கவில்லை.

எனக்குத் தெரியுமுங்க, என்றாள் அவள், என்னிடம் அல்ல, அவள் அப்பாவிடம். பிளஸ் ஒன்னில் அந்தக் கல்லூரிக்குக் கண்காட்சி பார்க்கக் கூட்டிப் போனார்களாம். தண்ணீர் உப்பாம், பாத்ரூம் கதவு ஒன்று சாத்தாதாம், அதை முதலில் சொன்னாள், விற்கத் தெரியாத பிள்ளை. லேபில் ஒரு மேடமிடம் மோட்டாருக்குள்ளே எது சுத்துது எது சுத்தாம நிக்குது என்று கேட்டிருக்கிறாள். அந்த மேடம் சொல்லிக்கொண்டிருக்காமல் ஒரு பழைய மோட்டாரைக் கழற்றி இவள் கையில் கொடுத்துவிட்டார்கள். பார்த்து முடிந்ததும் திருப்பி மாட்ட இவளுக்குத் தெரியவில்லை, பார்த்தால் அந்த மேடத்துக்கும் தெரியவில்லை. ரெண்டு பேரும் தரையில் உட்கார்ந்து மாட்டியிருக்கிறார்கள், பள்ளிக்கூட பஸ் கிளம்பிவிட்டது, அடுத்த பஸ்ஸில் வந்து அடி வாங்கினாளாம். பஸ்ஸை விட்டதற்காக அவளைத் திட்டினது மாப்பிள்ளைக்கு ஞாபகம் வந்தது போலிருக்கிறது, எதற்காக விட்டாள் என்று இன்றைக்குத்தான் தெரிகிறது. அவர் கொஞ்ச நேரம் கம்ப்யூட்டர் மேஜையின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தார்.

"கடைசில மாட்டுனீங்களா?"

"மாட்டினோமுங்கப்பா. ஒரு போல்ட்டு மிச்சமாப் போச்சு."

"ஓடுச்சா?"

"ஓடுச்சு."

அதோடு நிறுத்திவிட்டாள். அந்த மிச்சப் போல்ட்டை வைத்துக்கொண்டு நான் ஒரு கல்யாண வீட்டையே ராவெல்லாம் உட்கார வைத்திருப்பேன். மாப்பிள்ளை தலையைத் தூக்கவில்லை. ஏழாவதை ஒண்ணுக்குக் கொண்டாங்க, என்றார் ஷகிலா பானுவிடம். நல்லா யோசிச்சுக்கங்க, பூட்டிட்டா மாத்த முடியாதுங்க என்றார் அவர். மாப்பிள்ளை கனிஷ்காவைப் பார்த்தார், அவள் தலையாட்டினாள், ரெண்டு பேரும் என்னைப் பார்க்கவில்லை, இனி இது எத்தனை நாளைக்கு இப்படி என்று ஒரு களைப்பு காலிலிருந்து ஏறி வந்தது, ஏறட்டும். திரையில் ஒரு வரி கீழிருந்து நழுவி மேலே போய் உட்கார்ந்தது, மற்ற ஆறும் ஒவ்வொரு படி இறங்கின, சத்தமே இல்லை. என் கையில் போன் கிர்ரென்றது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டேன். சொல்லுங்க பெரியவரே, இதுதான் கடைசி என்றார். மூணு, எட்டு, எட்டு, சைபர், ஆறு, அஞ்சு. இருந்ததை இருந்த வரிசையில் சொன்னேன், நடுவில் எதையும் சேர்க்கவில்லை.